மேல்நோக்கு நாள்

நீங்கள் முன்னால் போவதானால் போங்கள். டோக்கன் எண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் எழுந்திருப்பேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தைச் சரியாகப் பத்தரைக்குத் தொடங்கலாம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியவில்லை. கலெக்டர் வடக்கத்திக்காரர், அவருக்குத் தெரியாது. கூட இருக்கிறவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள்தானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போன மாதமும் வந்தேன். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து உள்ளே போனால் கூட்டம் முடிந்துவிட்டது, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கிறார்கள். பரவாயில்லை. கெட்ட நேரத்தில் கொடுத்துக் காரியம் கெடுவதைவிட இது மேல்.

உங்களுக்கு என்ன மனு? வாய்க்காலா? வாய்க்கால் என்றால் அடுத்த மாதமும் வர வேண்டியிருக்கும், தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிடாதீர்கள். என் மனு ஓர் ஆள்மேல். ஆராய்ச்சி நிலையத்தில் விதைப் பிரிவில் இருக்கிற பிரமிளா என்ற அம்மிணி மேல். நல்ல பிள்ளைதான். கோபமெல்லாம் இல்லை. வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர், "எவ்வளவு நஷ்டம்னு போடட்டும் பெரியவரே?" என்று கேட்டார். நஷ்டஈடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என் மகன் வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கும் விதைப் பிரிவுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன். இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கள் தோட்டம் மூலனூருக்குக் கிழக்கே. கிணறு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. வாயில் வைத்தால் துப்பிவிடுவீர்கள், அவ்வளவு உப்பு. ஒரே மகன், பூபதி. பள்ளிக்கூடம் முடித்ததும் என்னோடு தோட்டத்தில்தான் இருந்தான். ஒரு வருஷம் வெண்டை போட்டோம். மஞ்சள் நோய் வந்தது. இலை, தண்டு, காய் எல்லாம் வெளுத்துப்போய், தூரத்திலிருந்து பார்த்தால் சூரியகாந்தி போட்ட மாதிரி இருந்தது. நான் உழுதுவிடச் சொன்னேன். அவன் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறான். போய்ப் பார்த்தால் ஒரே ஒரு செடி பச்சையாக நிற்கிறது. அந்த உப்புத் தண்ணீரில், அத்தனை மஞ்சளுக்கு நடுவில், ஒன்றுமே நடக்காத மாதிரி காய்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் செடியில் அவன் அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினான். அதன் காயை முற்றவிட்டு விதை எடுத்தான். மறுவருஷம் அதைப் போட்டு, வந்ததில் நல்லதாகப் பார்த்து மறுபடியும் துணி கட்டினான். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. கடைசியில் ஒரு பாத்தி முழுக்கப் பச்சையாக நின்றது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். "அப்பா, இது நம்ம வெண்டை" என்பான். "வெண்டையில என்னடா நம்ம வெண்டை, ஊரான் வெண்டை?" என்பேன். சும்மா விளையாட்டுக்குத்தான்.

அந்த வருஷம் நான் தோட்டம் பூராவும் முருங்கை வைத்தேன். முருங்கைக்கு ஆள் வேண்டாம், தண்ணீரும் கொஞ்சம் போதும். அரை ஏக்கராவது வெண்டைக்கு விடச் சொன்னான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். பிள்ளைகள் என்றால் கோபித்துக்கொண்டு போவதுதான். அவன் போர்வெல் வண்டிக்குப் போய்விட்டான். தெரியும்தானே, திருச்செங்கோட்டு வண்டிகள், வடக்கே மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்ப் பாறையைத் துளைக்கிறார்களே, அந்த வேலை. போகும்போது விதையைச் சாம்பலில் புரட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, "ஆத்தா, இதப் பத்திரமா வெய்யி" என்று அவன் அம்மாவிடம் கொடுத்தான்.

அவளுக்கு என்ன தெரியும், கூடத்து அலமாரியில் வைத்திருந்தாள். நான்தான் எடுத்துச் சமையலறைப் பரணில், அடுப்புக்கு நேர் மேலே வைத்தேன். அங்கே சூடும் புகையும் எப்போதும் இருக்கும், பூச்சி அண்டாது. ஆறு வருஷம். ஒரு வண்டுகூட விழவில்லை. அந்த அளவுக்குப் பாதுகாத்திருக்கிறேன் என்பதையும் இந்த மனுவில் எழுதச் சொன்னேன், அந்த ஆள் இடம் இல்லை என்றுவிட்டார்.

மழைக்காலத்தில் வண்டிகள் ஊருக்குத் திரும்பிவிடும். பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, ஆயுத பூசைக்கு அப்புறம்தான் மறுபடி கிளம்பும். வருஷா வருஷம் அந்த இடைவெளியில் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவான். இந்த வருஷம் ஆனி மாதமே வந்துவிட்டான். ஆள் பாதியாக இருந்தான். கூட வேலை பார்த்த பையன்மேல் இரும்புக் குழாய் சரிந்து, அங்கேயே உயிர் போய்விட்டதாம். பூபதியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன். அதைப்பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவிடம்தான் சொன்னான். அதுவும் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு.

ஒரு நாள் காலையில் என்னிடம் வந்தான். "அப்பா, முருங்கைய அரை ஏக்கர் எடுத்துட்டு என்னோட வெண்டையப் போடறேன். வந்துச்சுன்னா இங்கயே இருந்துக்கறேன். வரலீன்னா ஆயுத பூசைக்கு அப்புறம் வண்டிக்கே போயர்றேன்" என்றான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் நினைத்துப் பாருங்கள். அன்றைக்கே ஆள் விட்டு முருங்கையைப் பிடுங்கினேன். நானே பிடுங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அப்பன் என்று ஒருத்தன் வேறு என்ன செய்வான்?

டப்பாவை இறக்கிக் கொஞ்சம் விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்தான். வெண்டை நாலைந்து நாளில் முளை விட வேண்டும். பிரித்துப் பார்த்தால் நூறு விதையில் இருபதுகூட வரவில்லை. வந்ததும் நூல் மாதிரி வந்தது. அவன் அந்தத் துணியை மடித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். தெய்வாத்தாள், என் சம்சாரம், "கடையில புது வெதை வாங்கிக்கலாஞ் சாமி" என்றாள். "கடை வெதை மஞ்சளாகி நிக்கும்ங்காத்தா. இது மஞ்சளாகாது" என்றான்.

யாரோ சொல்லித்தான் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். அங்கே இந்தப் பிரமிளா அம்மிணி. சின்ன வயசு. விதையைக் கையில் கொட்டிப் பார்த்து, "இத எங்கங்கய்யா வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"அடுப்புக்கு மேல, பரண்ல. பத்திரமா இருந்துதுங்க அம்மிணி."

அம்மிணி பூபதியைப் பார்த்தார். பூபதி தரையைப் பார்த்தான். சூடு, ஈரம், அப்படி ஏதோ சொன்னார். அப்புறம், "செத்துப் போகலைங்க. தளர்ந்து போயிருக்கு. சத்துத் தண்ணியில ஊற வச்சுப் பார்க்கலாம். அரைவாசியாவது எழுப்பிடலாம்னு நெனைக்கிறேன்" என்றார்.

சத்துத் தண்ணீர் என்றால் பெரிய மருந்து ஒன்றும் இல்லை. ஜிங்க் சல்பேட். வயலுக்கு வாங்கிப் போடுகிறோமே, அதேதான். ஆனால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை. அதில் விதையை ஒரு ராத்திரி ஊறப் போட வேண்டும். விதை தண்ணீரோடு அந்தச் சத்தையும் சேர்த்துக் குடிக்குமாம். குடித்ததும் உள்ளே வேலை தொடங்குமாம். முளை வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் எடுத்து, நிழலில் பழையபடி உலர்த்திவிட வேண்டும். பாதி வேலை முடிந்த விதை மண்ணுக்குள் போனதும் மீதியைச் சுலபமாக முடித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

"ஒரு கை சேர்த்துப் போட்டா இன்னும் நல்லா வருமுங்களா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சிடுங்கய்யா. நீங்க கலக்க வேண்டாம், தம்பி கலக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் பாருங்கள்.

முதலில் அவரே கொஞ்சம் விதையை ஊறவைத்துச் சோதித்தார். ஒரு வாரம் கழித்துப் போனால் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் முளைத்திருக்கிறது. ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று வேர், தடித்த தண்டு. பூபதி அதைத் தொடவே இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தான். அவன் சிரித்ததை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் அவனாகப் பேசிக்கொண்டு வந்தான். இந்தப் போகத்தில் காய் பறிக்கவே வேண்டாம், அத்தனையும் விதைக்கு விட்டுவிடலாம் என்றான். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

கிளம்பும்போது அந்த அம்மிணி ஒன்று சொல்லி அனுப்பினார். "தூங்கிட்டிருந்த விதையப் பாதி எழுப்பி உட்கார வைக்கிறோம். எழுப்பின பெறகு மறுபடி தூங்க வைக்க முடியாதுங்கய்யா. உலர்ந்த அன்னிக்கே, தப்புனா அடுத்த நாளு, மண்ணுல இருக்கணும். டப்பாவுல போட்டு வச்சீங்கன்னா, ஊறப் போடாத விதையவிடச் சீக்கிரம் கெட்டுரும்."

படித்தவர்கள் எதற்கும் இப்படித்தான் பயமுறுத்துவார்கள். எனக்குச் சர்க்கரைக்குக் கொடுக்கிற மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படித்தால் ஒருத்தனும் அதை விழுங்க மாட்டான்.

ஆடி அமாவாசை முடிந்த கையோடு ஊறப் போட்டான். என்னைக் கிட்டேயே விடவில்லை. காலையில் வடித்து, என் வெள்ளை வேட்டி ஒன்றை வேப்ப மரத்தடியில் விரித்து, அதில் பரப்பினான். காற்று பறக்கடிக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தான். மணிக்கொரு தரம் போய்க் கையால் அளைந்துவிட்டு வந்தான். மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிப் பாத்தியெல்லாம் ஈரமாக்கி வைத்தான். நாலு மணிக்கு வந்து, "உலந்திருச்சு. பொழுதோட போட்டர்லாம்ப்பா" என்றான்.

நான் போய்க் காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு ஆயில்யம். கீழ்நோக்கு நாள்.

உங்களுக்குத் தெரியாததல்ல. மண்ணுக்கு மேலே காய்க்கிறதை மேல்நோக்கு நாளில்தான் போட வேண்டும். மண்ணுக்குக் கீழே போகிற சமாச்சாரம், கிழங்கு, கிணறு, இதெல்லாம் கீழ்நோக்கு நாளில். வெண்டை மேலே பார்த்துக் காய்க்கிற பயிர், அதைக் கொண்டுபோய்க் கீழ்நோக்கு நாளில் போட்டால் மண்ணுக்குள்ளேயே போய்விடாதா? அன்றைக்கு ஆயில்யம், மறுநாள் மகம், அதற்கு மறுநாள் பூரம். மூன்றும் கீழ்நோக்கு. வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

"மூணு நாள் பொறு கண்ணு. உத்திரத்தன்னிக்குப் போட்டுக்கலாம்" என்றேன்.

"அந்த மேடம் என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்கதானேப்பா?"

"கேட்டேன். அவங்க வெதையப் படிச்சவங்க. நாளப் படிச்சாங்களா?"

"வெதைக்குக் காலண்டர் தெரியுமாப்பா?"

"உனக்காகத்தாண்டா சொல்றேன். வேற பயிரா இருந்தா நான் பாக்கறேனா? இது உன்ற வாழ்க்கை."

தெய்வாத்தாள் உள்ளேயிருந்து வந்தாள். "ஏனுங், உங்களப் பெத்தப்பவும் மேல்நோக்கு நாளாப் பாத்துத்தான் வெளிய வந்தீங்களாக்கும்? அவன் போடறேங்கிறான், போட உடுங்க" என்றாள். பொம்பளைக்குப் பிள்ளை பக்கம் பேசத் தெரியும், பிள்ளைக்கு எது நல்லது என்று யோசிக்கத் தெரியாது. நான் பேச்சை வளர்க்கவில்லை. விதையை அள்ளி, எறும்பு ஏறக் கூடாது என்று பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்து, டப்பாவில் வைத்து, டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். பூபதி பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தோட்டத்துக்குப் போய், ஈரமாக இருந்த பாத்தியில் கோரை பிடுங்க ஆரம்பித்துவிட்டான். பிடுங்கிய கோரையையே மறுபடியும் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

உத்திரத்துக்கு முந்தின நாள்தான் கவனித்தேன். அவன் சதய நட்சத்திரம், கும்ப ராசி. உத்திரத்தன்று அவனுக்குச் சந்திராஷ்டமம். ஒரு நாள் இரண்டு நாள் ஓடும். அந்த நாளில் ஆள் புது வேலை தொடங்கவே கூடாது. அதுவும் வாழ்க்கையையே வைத்து ஆடுகிற வேலை.

"அப்ப நான் போடறனுங்" என்றாள் தெய்வாத்தாள்.

"அவன் பேர்ல நெனச்ச பயிரு. அவன் கைதான் படோணும்."

"சரிங்ப்பா, உத்திரம் உட்டா அடுத்தது எப்போ?" என்றான் பூபதி. கத்தவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும், என்னை எதிர்த்து ஒரு சொல் சத்தமாகப் பேச மாட்டான்.

நடுவில் அஸ்தம், சித்திரை, சுவாதி என்று சமநோக்கு நாள்கள். அது பரவாயில்லை என்பார்கள், ஆனால் பரவாயில்லை என்கிற நாளில் போடுகிற விதையா இது? அப்புறம் மறுபடியும் கீழ்நோக்கு. அடுத்த மேல்நோக்கு உத்திராடம்தான். பௌர்ணமியை ஒட்டி வருகிறது. வளர்பிறை முழுக்க நிறைந்து நிற்கிற நேரம். அதைவிட நல்ல நாள் அந்த மாதத்திலேயே கிடையாது. சொன்னேன். "சரிங்ப்பா" என்றான்.

இந்த நடுவில்தான் அந்த அம்மிணி போன் செய்தது. பூபதி போனைத் திண்ணைத் திண்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். நான்தான் எடுத்தேன்.

"ஐயா, விதை போட்டாச்சுங்களா?"

விதை விஷயத்தில் 'இல்லை' என்ற சொல் வீட்டில் வரக் கூடாது. அரிசி தீர்ந்தாலும் நிறைந்திருக்கிறது என்றுதானே சொல்வோம்? அப்படித்தான் சொன்னேன். "போட்டாச்சுங்க அம்மிணி."

"அன்னிக்கே போட்டீங்கதானே?"

"ஆமாங்க."

"சந்தோஷங்கய்யா. இன்னொண்ணு, நான் சோதனைக்கு மொளைக்க வச்சதத் தொட்டியில நட்டு வச்சிருக்கேன். நல்லா வந்திருக்கு. தம்பிய வந்து எடுத்துக்கச் சொல்றீங்களா? எதுக்கும் இருக்கட்டும்."

இதற்கும் அதே கதைதான். நம் வீட்டில் குறை என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் வீட்டில் வளர்ந்ததை வாங்கி வந்தால், நம் வீட்டில் இருப்பது எழுமா? "வேண்டாங்க அம்மிணி, இங்கயே நெறைய இருக்குது" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். பூபதியிடம் சொல்ல மறந்துபோயிற்று. சொல்ல வேண்டிய விஷயமாகவும் அது எனக்குத் தோன்றவில்லை.

உத்திராடத்தன்று எல்லாம் முறையாகச் செய்தேன். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, கற்பூரம் காட்டி, கிழக்கே பார்க்க அவனை நிற்க வைத்து, பீரோவைத் திறந்து டப்பாவை அவன் கையில் கொடுத்தேன். பையை அவிழ்த்தபோது லேசாகப் புளித்த வாசம் வந்தது. மருந்து வாசம் என்று நினைத்தேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து போட ஆரம்பித்தான். ஒவ்வொரு விதையாக, விரலால் குழி எடுத்து, மூடி, கையால் தட்டி. தெய்வாத்தாள் வரப்பிலேயே நின்றாள், உள்ளே இறங்கவில்லை.

நாலைந்து நாள் ஒன்றுமில்லை. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. வந்தது என்றால், விதைத்தோலைத் தலையில் சுமந்துகொண்டு குனிந்தபடியே நின்றது. இலையை விரிக்கவில்லை. ஓலையைப் பின்னி அதற்கெல்லாம் நிழல் கட்டினான் பூபதி. ஒவ்வொன்றாக அடித்தண்டில் கறுத்துச் சாய்ந்துவிட்டது. முளைக்காத இடத்தில் விரலால் தோண்டி ஒரு விதையை எடுத்து நசுக்கிப் பார்த்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அடுத்ததை எடுத்தான், அதுவும் அப்படியே. அப்படியே ஒரு பாத்தி முழுக்கத் தோண்டிக்கொண்டு போனான். நான், "உடு கண்ணு, டப்பாவுல அடியில கொஞ்சம் இருக்கும்" என்றேன். இருக்கவில்லை. எல்லாவற்றையும்தான் ஊறப் போட்டிருந்தானே.

அப்புறம் அவன் செய்ததுதான் இந்த மனுவுக்கே காரணம். அந்த அம்மிணிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டான், எனக்கும் கேட்கட்டும் என்றே போட்டானோ என்னவோ. "மேடம், மொளைக்கலைங்க. நீங்க சோதனைக்குப் போட்டதுல நாலு செடி இருந்தாக்கூடப் போதுங்க. ஒரே செடியில இருந்து கொண்டாந்ததுதான் இது, மறுபடியும் கொண்டாந்தர்லாம்" என்றான். கெஞ்சுகிற குரல். என்னிடம் அந்தக் குரலில் அவன் பேசியதே இல்லை.

அந்த அம்மிணி அங்கே யாரிடமோ என்னவோ விசாரித்தார். அப்புறம், "தம்பி, அப்பாகிட்டக் கேட்டேனே. அன்னிக்கே போட்டாச்சு, இங்கயே நிறைய இருக்கு, வேண்டாம்னு சொன்னாருங்களே. எனக்கு அடுத்த சோதனைக்குத் தொட்டி பத்தலை. போன வாரந்தான் எல்லாத்தையும் எடுத்துட்டோம்" என்றார்.

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டான்.

நீங்களே சொல்லுங்கள், அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டுமா? 'இருக்கான்னு பாக்கறேன் தம்பி' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். 'மருந்து சரியில்லாமப் போச்சு தம்பி' என்று சொல்லியிருக்கலாம். படித்த பிள்ளை, அப்பனையும் மகனையும் பிரிக்கிற மாதிரியா பேசுவது? நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். மருந்து நல்ல மருந்தாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்காதா? நல்ல நாளுக்குக் காத்திருந்தால் கெட்டுப்போகிறது என்றால் அது என்ன மருந்து? அடுப்புக்கு மேலே ஆறு வருஷம் இருந்த விதை. நூற்றுக்குப் பத்துப் பதினைந்தாவது உயிரோடு இருந்தது. இவர்கள் தண்ணீரில் ஊறப் போட்ட பிறகு பன்னிரண்டே நாளில் அதுவும் போயிற்று. யார்மேல் தப்பு?

இதைத் தெய்வாத்தாளிடம் சொன்னேன். "நீங்க சாப்பிட்டீங்கன்னா ஏனத்தக் கழுவிப் போடுவேன்" என்றாள். அவள் இப்போதெல்லாம் என்னிடம் அவ்வளவுதான் பேசுகிறாள்.

பூபதி ஒன்றுமே கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நான் விளக்கியிருப்பேன். கேட்கவே இல்லை. ரெண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "நாளைக்கு என்ன நாளுங்ப்பா?" என்று கேட்டான். எனக்கு மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட. சரி, பையனுக்கு நாளின் அருமை தெரிந்துவிட்டது, கடை விதையாவது வாங்கிப் போடப் போகிறான் என்று ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தேன்.

"நாளைக்கு வேண்டாங் கண்ணு, கீழ்நோக்கு நாள்" என்றேன்.

"அப்ப நல்லதுதான். போர் போடறதுக்குக் கீழ்நோக்கு நாள்தானுங்களே" என்றான்.

மறுநாள் விடிந்ததும் போய்விட்டான். ஆயுத பூசைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வண்டியெல்லாம் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஆயுத பூசைக்கு வருவான் என்று பார்த்தேன். தீபாவளிக்கு வருவான் என்று பார்த்தேன். இப்போது வண்டி ராய்ப்பூர்ப் பக்கம் எங்கேயோ நிற்கிறதாம். அந்தப் பையன் செத்துப் போனானே, அவன் பார்த்த வேலையைத்தான் இப்போது இவன் பார்க்கிறான். குழாய் மாட்டுகிற இடம். தெய்வாத்தாள் அதைக் கேட்டதிலிருந்து போனைக் கையை விட்டு வைப்பதில்லை.

அதனால்தான் மனு. இதோ, படித்துப் பாருங்கள், கண்ணாடி இருந்தால். 'விதையை அன்றே விதைத்தோம்' என்று எழுதியிருக்கிறது அல்லவா, அது எழுதித் தந்தவர் போட்டது. விதைக்கத் தகுந்த அன்றே விதைத்தோம், அந்த அர்த்தத்தில் சரிதான். கடைசிப் பத்திதான் முக்கியம். 'மேற்படி அம்மையார், விதை முளைக்காததற்குத் தாங்கள் தந்த மருந்துதான் காரணம் என்று என் மகனிடம் போனில் ஒரு வார்த்தை சொல்வதற்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' எழுதும்போது அந்த ஆள் பேனாவை நிறுத்திவிட்டார். "பெரியவரே, இதெல்லாம் கலெக்டர் பண்ற வேலையா?" என்றார். எழுதுங்கள் என்றேன். அந்த அம்மிணிக்கு இதனால் பெரிதாக என்ன ஆகிவிடப் போகிறது? சர்க்கார் வேலை. ஒரு வார்த்தை. என்னால்தான் எல்லாம் போயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், அது மட்டும் மாறினால் போதும்.

கீழே கைப்பேசி எண் என்று ஓர் இடம் இருக்கிறதே, அங்கே என் எண் இல்லை, அவன் எண்ணை எழுதச் சொன்னேன். என் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டான். அவன் அம்மா கூப்பிட்டால் எடுப்பான், நடுவில் நான் வாங்கிக் காதில் வைத்தால் லைன் போய்விடும். கலெக்டர் ஆபீஸ் எண் அவனுக்குத் தெரியாது. தெரியாத எண் என்றால் எடுத்துவிடுவான். போர் போட யாராவது கூப்பிடுவார்கள் என்று வண்டிக்காரர்கள் எந்த எண் வந்தாலும் எடுப்பார்கள். எடுத்ததும் 'ஹலோ, யாருங்க?' என்று கேட்பான் அல்லவா?

அந்தச் சமயத்தில் என்னைப் பக்கத்தில் நிற்க விடுவார்களா? உங்களுக்கு இந்த ஆபீஸ் பழக்கமென்று தோன்றுகிறது, அதனால் கேட்கிறேன். நான் ஒன்றும் பேச மாட்டேன்.